மணவறையாரின் ஈசான மூலை

உலகத்திலேயே வெப்சைட்டுக்கு வாஸ்து பார்த்த முதல் மனிதர் எங்கள் வெள்ளவத்தையில்தான் இருக்கிறார். இதில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் என்னிடம் வாருங்கள். அந்த வாஸ்துவுக்கு மேசன் வேலை பார்த்தவள் நான்தான்.

அவரை எல்லோருக்கும் மணவறையார் என்றுதான் தெரியும். எங்கள் ஒஃபிஸ் பில்லில்கூட அப்படித்தான் எழுதச் சொன்னார். கலியாணங்களுக்கு மணவறை வாடகைக்கு விடுவது தொழில். வீடு வெள்ளவத்தையில், மணவறைகள் அடுக்கி வைத்திருக்கும் ஸ்டோர் கொட்டாஞ்சேனையில். இரண்டுக்கும் நடுவில் அவருடைய லொறி இருமிக்கொண்டு ஓடும்.

நான் அப்போது காலி வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன ஒஃபிஸில் வேலை செய்தேன். சிறிய வியாபாரங்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் இடம். வருகிற ஆட்களுடன் கதைப்பது நான், கொம்பியூட்டரில் செய்வது ருவன். தைப்பொங்கல் முடிந்த கையோடு மணவறையார் படியேறி வந்தார். முன்பெல்லாம் கலியாண வீட்டுக்காரர் அவரைத் தேடி வருவார்கள். இப்போது லண்டனிலும் கனடாவிலும் இருந்து வந்து கலியாணம் செய்பவர்கள் போனில் பார்த்தே ஆளைப் பிடித்துவிடுகிறார்கள். ஆடி மாதம் முடிந்து, அவர்களுடைய பள்ளிக்கூட லீவும் முடிவதற்குள் கிடைக்கும் கொஞ்ச நாளில்தான் அவருடைய வருஷத்து வியாபாரமே இருக்கிறது. முந்தின வருஷம் பாதி மணவறை பெட்ஷீட்டால் மூடியபடியே கிடந்ததாம்.

"இந்த ஆவணியும் இப்பிடிப் போனால் எல்லாத்தையும் வித்துப்போட்டுக் கனடாவில மகனிட்டப் போறதுதான், பிள்ளை. அங்க போய் நான் என்னத்தைச் செய்யிறது? ஸ்னோ அள்ளுறதோ?"

எல்லோருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னேன். ஏற்கெனவே செய்து வைத்த டெம்ப்ளேட் இருக்கிறது. உங்கள் பெயரையும் படங்களையும் போட்டால் ஒரு கிழமையில் வேலை முடிந்துவிடும். உங்களுக்கென்றே புதிதாக வடிவமைப்பதென்றால் மாதக்கணக்கில் இழுக்கும், செலவும் கூட. பத்துப் படமும் ஒரு போன் நம்பரும் காட்ட டெம்ப்ளேட் தாராளம். ஒரு நல்ல டெம்ப்ளேட்டைத் திறந்தும் காட்டினேன். அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளி ஸ்கிரீனை உற்றுப் பார்த்தார். பிறகு, இதில் வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மேல்பக்கம் என்றேன், பள்ளிக்கூடத்தில் மேப் கீறிய பழக்கம்.

"அப்ப பெயரை வாயு மூலையில வச்சிருக்கிறீர். பேர் காத்தோட போயிடும். போன் நம்பர் அக்கினி மூலையில கிடக்குது. வாற கோல் எல்லாம் எரிஞ்சு போகும். இது எனக்குச் சரிவராது. எனக்கெண்டு அளவெடுத்துச் செய்யும்."

எங்கள் முதலாளிக்கு வாயெல்லாம் பல். செலவு கூடிய வேலையைக் கேட்டு ஒரு ஆள் தானாக நடந்து வருவது அந்த மாடியில் அபூர்வம். எனக்குத்தான் தலையிடி. பெயர் ஈசான மூலையில், அதாவது மேலே வலப்பக்கம். மணவறைப் படங்கள் கன்னி மூலையில், கீழே இடப்பக்கம். நடுவில் பாரம் வைக்கக்கூடாது என்பதால் நடு வெறும் வெள்ளை. ருவனுக்கு இதைச் சிங்களத்தில் விளக்க என்னிடம் சொல் போதவில்லை. மணவறையாரே வந்து பக்கத்தில் இருந்து விளக்கினார். அன்று பின்னேரம் ருவன் தன்னுடைய மேசையையே கிழக்குப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டான்.

ஒருமாதிரி முடித்து, போனில் திறந்து காட்டினோம். போன் ஸ்கிரீனில் எல்லாம் ஒன்றின்கீழ் ஒன்றாகத்தானே வரும்? ஈசானமும் கன்னியும் ஒரே வரிசையில் நின்றன. கலியாண ஹோல் என்று சொல்லி ஒடுங்கின ஒழுங்கையைக் காட்டுகிறீர் என்று மணவறையார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். திரும்பவும் முதலில் இருந்து.

அடுத்தது கெட்டிமேளம். வெப்சைட்டைத் திறந்ததும் நாதஸ்வரத்துடன் அது முழங்க வேண்டும் என்று நின்றார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. பார்த்துச் சொல்லட்டும் என்று சொந்தக்காரர்களுக்கு அந்த லிங்கை வட்ஸ்அப்பில் அனுப்பியும்விட்டார். அவருடைய மச்சான் ஒருவர் பொரளைப் பக்கம் ஒரு மலர்ச்சாலையில், பிரேதப் பெட்டிக்கு முன் வரிசையில் இருந்துகொண்டு அதைத் திறந்திருக்கிறார். தேவாரம் படித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டாராம். மச்சான் பதறிப்போய் போனைச் சட்டைப் பைக்குள் போட, அது உள்ளே இருந்தும் முழங்கியதாம். அதற்குப் பிறகு கெட்டிமேளத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

இப்படியே சித்திரை வருஷமும் பிறந்துவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் ஆவணிக்கு ஹோல் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மணவறையாருக்கு ஒரு புக்கிங்கும் இல்லை. அவர் இப்போது வாஸ்து கதைப்பதும் குறைவு. மகன் டிக்கெட் விலை பார்த்து அனுப்புவதாக மட்டும் சொன்னார். சுத்தக் கரைச்சல் பிடித்த மனுஷன்தான், ஆனாலும் அவர் இல்லாத வெள்ளவத்தையை நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை.

மணவறைகளைப் படம் எடுப்பதற்காக ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனை ஸ்டோருக்குப் போனேன். நான் நிற்கும்போது லண்டனில் இருந்து ஈஸ்டர் லீவுக்கு வந்த ஒரு பெண் தாயோடு வந்தாள். ஆவணியில் கலியாணம். தாய்க்குத் தெரிந்த யாரோ சொல்லி வந்திருக்கிறார்கள். இதுவரை ஒருவரும் இருக்காத மணவறை தனக்கு வேண்டும், புதிதாக வடிவமைத்துத் தர முடியுமா என்று அந்தப் பெண் கேட்டாள். இங்கே இருப்பதெல்லாம் எத்தனையோ பேர் இருந்து எழும்பியதுதானே என்றும் சொன்னாள்.

மணவறையார் ஒரு பெட்ஷீட்டை இழுத்துவிட்டார். உள்ளே பொன் நிறத் தூண்களோடு ஒரு மணவறை நின்றது.

"மகள், மணவறை எல்லாருக்கும் ஒண்டுதான். அதில வந்து இருக்கிற ரெண்டு பேர்தான் வேற. மேல உங்கட ரெண்டு பேற்ற பெயரையும் வெட்டி ஒட்டினால் அது உங்கட மணவறை. அண்டைக்குப் பாருங்கோ, வாற சனம் தூணையோ பாக்கப்போகுது?"

பெண் தாயைப் பார்த்தாள், தாய் தலையாட்டினார். அந்த இடத்திலேயே புக்கிங் முடிந்தது. அவர்களுடைய கார் திரும்பும் வரைக்கும் வாசலில் நின்று கையசைத்தேன். பிறகு, தை மாதத்தில் இருந்து நான் உங்களுக்குச் சொன்னது இதைத்தானே அங்கிள் என்றேன்.

அவர் பெட்ஷீட்டை மடித்துக்கொண்டே இருந்தார். அப்ப அந்த வாயு மூலைக்கு என்ன செய்கிறது என்று மெதுவாகக் கேட்டார்.

"மணவறை கிழக்க பாக்கோணும் எண்டுவினம். இங்கத்தை ஹோல் மேடையெல்லாம் ஒவ்வொரு பக்கம் பாக்குது. அதுக்கு என்ன செய்யிறனீங்கள்?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

"மேடை பாக்கிற பக்கம்தான் கிழக்கெண்டு ஐயர் சங்கற்பம் பண்ணுவார்."

"அப்ப ஸ்கிரீனில பெயர் இருக்கிற இடம்தான் ஈசானம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயருக்கே நீர் சொல்லிக் குடுப்பீர்" என்றார். பிறகு, பழைய டெம்ப்ளேட்டையே போடச் சொன்னார்.

அடுத்த கிழமையே வெப்சைட் ஏறியது. வைகாசியில் போன் அடிக்கத் தொடங்கி, ஆவணியில் ஸ்டோரில் பெட்ஷீட்டுகள் மட்டும்தான் மிச்சம் கிடந்தன. கனடாவுக்கு வரவில்லை என்று மகனுக்குச் சொல்லிவிட்டதாக மணவறையார் மாடிக்கு வந்து சொன்னார். கையில் ஒரு பெட்டி லட்டு. அதில் பாதியை ருவன் தின்றான்.

சொல்ல மறந்துபோனேன். அந்த டெம்ப்ளேட்டில் 'எங்கள் குழு' என்று ஒரு பக்கம் உண்டு. ஆட்களின் படம் போட நான்கு வட்டங்கள். ஒன்றில் மணவறையார், ஒன்றில் லொறி ஓட்டுகிறவர், ஒன்றில் பூச் சோடினை செய்கிறவர். நாலாவதில் டெம்ப்ளேட்டோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். ருவன் அதை அழிக்கப் போக, மணவறையார் தடுத்தார்.

"அதில உம்மட படத்தைப் போடும், பிள்ளை."

"நான் உங்கட ஆள் இல்லையே, அங்கிள்."

"ஆர் சொன்னது?"

அந்த ஒஃபிஸை விட்டு நான் எப்போதோ வந்துவிட்டேன். என்னுடைய படம் இன்னும் அந்த நாலாவது வட்டத்தில்தான் இருக்கிறது. கலியாண வீடுகளில் முன்பின் தெரியாத ஆட்கள் வந்து, நீங்கள் மணவறையாரின் ஆள்தானே, பூ வாடுது, கொஞ்சம் தண்ணி தெளியுங்கோ என்கிறார்கள். நானும் ஓம் என்று சொல்லிவிட்டு, பட்டுச் சேலையோடு வாளி தேடிப் போகிறேன்.