உள்வீட்டு ஒற்றன் பிடிபட்ட கதை

குடும்பத்தைப் பற்றி நகைச்சுவை எழுதுகிறவனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. சரக்குத் தேடி வெளியே அலைய வேண்டியதில்லை. எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருக்கும். சிக்கல் என்னவென்றால், அந்தச் சரக்குக்கு வாசிக்கவும் தெரியும்.

நான் ஒரு ஞாயிறு பத்திரிகையில் 'உள்வீட்டு ஒற்றன்' என்ற பெயரில் எழுதத் தொடங்கியது தற்செயலாகத்தான். உக்குவளைப் புகையிரத நிலையத்துக்குக் கிட்ட எனக்கு ஒரு ஃபோட்டோகொப்பிக் கடை இருக்கிறது. (கடை என்றால் ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு கதிரை. வாடிக்கையாளர் உட்கார்ந்தால் நான் எழும்ப வேண்டும்.) கூட்டமில்லாத பகல்களில் இலக்கியம் படைப்பேன். அப்பா எங்கள் ரேடியோவைப் பழுதுபார்க்கப் போய், அது நிரந்தரமாக மௌனித்த சம்பவத்தை ஒரு தலைமுறையின் குரல் ஒடுங்கிய துயரமாகச் சிறுகதை ஆக்கிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் போன் எடுத்தார்.

"தம்பி, ஒஃபீஸ்ல எல்லாரும் வாசிச்சு விழுந்து விழுந்து சிரிச்சோம். இதே மாதிரி வாராவாரம் தர ஏலுமா?"

அது அழுகைக் கதை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஏலும் சேர்" என்று வந்துவிட்டது.

அன்றிலிருந்து என் குடும்பம் எனக்குச் சோறு போட்டது மட்டுமல்லாமல் கட்டுரையும் போட்டது. அப்பா எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்த்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் தேயிலை அரைக்கும் மெஷினின் சொந்தக்காரர்கள்தான் என்பது அவர் கொள்கை. எங்கள் வீட்டு வாசல் மணி அடிக்காமல் போனபோது அவரே கழற்றிப் பூட்டினார். அதன்பிறகு மணியை அழுத்தினால் ஹோலில் ஃபேன் சுற்றும். அம்மாவுக்குக் கோபம் வந்தால் தமிழ் போதாது, சிங்களத்துக்கு மாறிவிடுவார். எல்லாவற்றையும் எழுதினேன்.

இதில் ஆச்சரியம், யாருக்கும் கோபம் வரவில்லை. அம்மாவை நான் 'மெலிந்த தோற்றமுடைய பெண்மணி' என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு சொல்லுக்காக மற்ற எல்லாவற்றையும் மன்னித்தார். அப்பாவோ ஞாயிறுதோறும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாக வாசிப்பார். "யாருடா இந்த ஆளு, சரியான கிறுக்கனா இருக்கான்" என்று தலையாட்டுவார். மகன் கற்பனை வளம் உள்ளவன் என்று அவருக்குப் பெருமை.

தங்கச்சி கௌசல்யா மட்டும் வாசிப்பதில்லை. எல்கடுவத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். பிள்ளைகளின் கொப்பி திருத்தவே அவளுக்கு நேரம் சரி. அவள் வாசிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் 'மாப்பிள்ளைகளை விரட்டுவது எப்படி?' என்ற கட்டுரையை எழுதினேன். அவளைப் பெண் பார்க்க வந்த மூன்று பேரையும் அவள் வேண்டாமென்று சொன்னதைப் பற்றியது அது. முதலாவது ஆள் தேத்தண்ணியை உறிஞ்சிய சத்தத்தில் பலாமரத்துக் காகம் பறந்துபோனது என்று எழுதினேன். இரண்டாமவர் தலை எண்ணெய் சுவரில் வரைபடம் கீறியது என்றேன். மூன்றாமவர் பெண்ணை விட்டுவிட்டு நாயோடு பேசிக்கொண்டிருந்தார். ஆசிரியர் மறுபடி போன் எடுத்துப் பாராட்டினார். அந்த ஞாயிறு மட்டும் எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வரவில்லை. (பேப்பர்காரர் மேல் பழி போட்டேன். பாவம், நல்ல மனுஷன்.)

அதற்குச் சில மாதம் கழித்து கலேவெலயிலிருந்து நாலாவது மாப்பிள்ளை வந்தார்.

பெயர் சுதாகர். மாத்தளை டவுனில் ஒரு வங்கியில் வேலை. தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் சரஸ்வதி அம்மா கலேவெலயில் இரும்புச் சாமான் கடை ஒன்றைத் தனியாக நடத்துகிறார். நல்ல இடம். அம்மா மூன்று நாளாகக் கோயிலும் அடுப்படியுமாக இருந்தார். நான் பேப்பரில் எழுதுவதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று அப்பாவுக்குச் சொல்லிவைத்தார். என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்.

"வர்றவங்க கிட்ட வாயத் தொறக்காத. சிரி. போதும்."

சிரிப்பதற்கு நான் தயாராக நின்றேன். த்ரீவீல் வந்து நின்றது. தாயும் மகனும் இறங்கி வாசலுக்கு வந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் மரியாதைக்காரர்கள் அல்லவா, சரஸ்வதி அம்மா மணியை அழுத்தினார்.

ஃபேன் சுற்றியது.

அவர் ஃபேனைப் பார்த்தார். விரலை எடுத்தார். ஃபேன் நின்றது. இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார்.

"வாங்க, வாங்க, உக்காருங்க" என்று அப்பா ஓடிப்போய், "இந்தப் பக்கம் கரண்ட் கொஞ்சம் அப்படி இப்படித்தான்" என்றார்.

கௌசல்யா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் போனாள். சரஸ்வதி அம்மா கோப்பையை வாங்கிக் குடித்தார். சுதாகர் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தார். கூச்சம் என்று நினைத்தேன். பேச்சு நகரவில்லை. மழை பற்றிப் பேசினோம். வெங்காய விலை பற்றிப் பேசினோம். பிறகு யாரும் எதுவும் பேசவில்லை. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நான் வாயைத் திறந்தேன்.

"கடையில தனியா இருக்கீங்களே, எப்படி பொழுது போகுது?"

"பேப்பர்தான் தம்பி" என்றார் அவர். முகம் மலர்ந்துவிட்டது. "ஞாயித்துக்கெழம பேப்பருல ஒருத்தர் எழுதுறாரு. உள்வீட்டு ஒற்றன்னு பேரு. அத படிச்சுக்கிட்டு இருக்கப்ப ஆணி கேட்டு வந்தவருக்குப் பூட்டுக் குடுத்து அனுப்பியிருக்கேன்."

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போயிருப்பான். ஆனால் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நான் எழுத வந்து அத்தனை காலத்தில் என் வாசகர் ஒருவரை முதல்முறையாக நேருக்கு நேர் பார்க்கிறேன். என் எழுத்தால் இலங்கையின் இரும்பு வியாபாரமே தடம் புரண்டிருக்கிறது. உடம்பெல்லாம் இனித்தது.

"அப்படியா? நல்லா எழுதுவாரோ?" என்றேன். (தங்கச்சியின் கல்யாணம் அந்த நேரத்தில் எனக்கு எங்கோ கண்டி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.)

"நல்லாவா? என் தங்கச்சிமாருக்கெல்லாம் போட்டோ எடுத்து அனுப்புவேன்."

அடுப்படி வாசலில் அம்மா கண்ணால் என்னை எரித்துக்கொண்டிருந்தார். நான் பார்க்காதமாதிரி இருந்தேன்.

"உங்களுக்கு எந்தக் கட்டுரை நல்லாப் புடிக்கும்?"

"மாப்பிள்ளைங்கள வெரட்டுற தங்கச்சி பத்தி எழுதினாரே, அதுதான்" என்று சரஸ்வதி அம்மா முழுவதையும் சொல்லத் தொடங்கினார். காகம் பறந்தது, எண்ணெய் சுவரில் பட்டது, நாய் வாலாட்டியது என்று ஒன்று விடவில்லை. நான் எழுதியதைவிட நன்றாகச் சொன்னார். அப்பா அந்தக் கட்டுரையை வாசிக்காதவர் அல்லவா, கதிரையில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அய்யோ பாவம்" என்றார் அப்பா. "அந்தப் புள்ளய யாரு கட்டிக்கப் போறானோ."

அடுப்படியிலிருந்து, "கட்ட வஹன்ன" என்று ஒரு சத்தம் வந்தது. வாயை மூடு என்று சிங்களத்தில்.

சரஸ்வதி அம்மா கோப்பையை மெதுவாக வைத்தார். அடுப்படிப் பக்கம் பார்த்தார். அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். வாசல் மணியைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க என்ன தொழில் செய்றதா சொன்னீங்க?"

"ஃபோட்டோகொப்பி."

"வேற?"

"லெமினேட்டிங்."

திரைச்சீலை விலகியது. கௌசல்யா வெளியே வந்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வகுப்பில் பிழையாகக் கணக்குச் செய்த பிள்ளையைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"நான் அவங்கள வேணாம்னு சொன்னது தேத்தண்ணிக்காகன்னா எழுதின?"

நான் எழுந்து நின்றேன். எதற்கு என்று எனக்கே தெரியாது.

"மொத ஆளு கல்யாணத்துக்குப் பொறகு வேலைய விடணும்னு சொன்னாரு. ரெண்டாவது ஆளு வீட்டுலயும் அதேதான். தோட்டத்துப் புள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்து என்னாகப் போகுதுன்னு கேட்டாங்க. ஏன் வேணாம்னேன்னு நீ ஒரு நாளும் என்கிட்ட கேக்கல அண்ணே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

கணித ஆசிரியை அல்லவா, விடையை முழுதாகச் சொல்ல வேண்டும்.

"மூணாவது ஆளு நாய்கிட்டதான் பேசினாரு. அது மட்டும் உண்மை."

யாரும் சிரிக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். அவள் எப்படிப் பேசுவாள், எப்படி முகம் சுளிப்பாள், எல்லாம் பார்த்து எழுதத் தெரிந்த எனக்கு, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. ஒற்றன் என்று பெயர் வைத்துக்கொண்டதுதான் மிச்சம். கல்யாணப் பேச்சு முடிந்தது, த்ரீவீல் இன்னும் வாசலில்தான் நிற்கிறது, இப்போது எழும்பிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் சுதாகர் முதல்முறையாகப் பேசினார்.

"அம்மா வாராவாரம் எனக்கும் படிச்சுக் காட்டுவாங்க. ஃபேன் சுத்துனப்பவே வெளங்கிருச்சு" என்றார். பாலாடை படிந்த கோப்பையைத் தூக்கிக் காட்டினார். "அதான் இந்த டீயக் குடிக்காமயே வச்சிருக்கேன். சத்தம் வந்தா என்ன செய்றதுன்னு பயம்."

கௌசல்யா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கும்போது அவள் அப்படிச் செய்வாள்.

"எல்கடுவ பஸ் காலையில எத்தன மணிக்கு?" என்று அவளிடம் கேட்டார்.

"ஆறேகாலுக்கு."

"நான் மாத்தளைக்குப் போக அதுக்குப் பொறகு ஒரு மணித்தியாலம் இருக்கு. அப்ப காலச் சமையல நான் பாத்துக்கலாம். ரொட்டி நல்லாச் சுடுவேன். சம்பல்தான் கொஞ்சம் ஒறைக்கும்."

அடுப்படியில் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கௌசல்யா சுதாகர் கையிலிருந்த ஆறிப்போன தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு, "சூடா வேற கொண்டாரேன்" என்று உள்ளே போனாள். எங்கள் வீட்டில் பெண் சம்மதம் சொன்னது இப்படித்தான்.

சரஸ்வதி அம்மா என்னை இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் இல்லை, வேறு ஏதோ. "உள்வீட்டு ஒற்றன்னா வயசானவரா, கொஞ்சம் லட்சணமான ஆளா இருப்பாருன்னு நெனச்சேன்" என்றார். ஒரு வாசகர் ஏமாற்றம் அடைவதை நேரில் பார்க்கும் பாக்கியமும் எனக்கு அன்றைக்கே கிடைத்தது.

இதற்கிடையில் அப்பா ஃபேனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தக் கிறுக்கன்..." என்று மெல்லத் தொடங்கினார். "பெல்லப் பழுதுபாக்கிறேன்னு சொல்லி..."

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். மணியை அழுத்தினார். ஃபேன் சுற்றியது.

"நல்லாத்தானே வேல செய்யுது" என்றார்.

கௌசல்யா என்னோடு பேசக் கொஞ்ச நாள் பிடித்தது. நான் ஆசிரியருக்குப் போன் எடுத்து, இனி எழுதவில்லை, வீட்டில் பிரச்சினை என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று அவளே என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"எழுதறத ஏன் விடுற? எங்களப் பத்தின்னா கேட்டு எழுது. உன்னப் பத்தி எழுத யார்கிட்டயும் கேக்கத் தேவையில்ல. அதுல இருக்கிற அளவு பகிடி எங்க யார்கிட்டயும் இல்ல."

அவள் சொன்னபடி, அந்தப் பெண் பார்த்த கதையையே எழுதினேன். இந்தமுறை முட்டாள் நான்தான். அனுப்புவதற்குமுன் அவளிடம் கொடுத்தேன். கொப்பி திருத்தும் சிவப்புப் பேனையோடு வாசித்தாள். இரண்டு இடத்தில் வெட்டினாள். ஓர் இடத்தில், 'அண்ணன் இன்னும் மோசம்' என்று எழுதிச் சேர்த்தாள். அதற்குக் கிடைத்த வரவேற்பு என் வேறெந்தக் கட்டுரைக்கும் கிடைக்கவில்லை. கல்யாணம் மாத்தளையில் நடந்தது. சரஸ்வதி அம்மா வந்தவர்களுக்கெல்லாம் மாப்பிள்ளையைக் காட்டுவதற்கு முன்னால் என்னைக் காட்டினார். "இவருதான். பாத்தா அப்படித் தெரியாது" என்று.

அதிலிருந்து எங்கள் சொந்தக்காரர்களிடம் ஒரு பழக்கம் வந்துவிட்டது. என்னிடம் என்ன சொல்வதானாலும், "இது பேப்பருக்கு இல்ல" என்று தொடங்குவார்கள். வயிற்றுவலி என்றாலும் அப்படித்தான், தேங்காய் வாங்கிவரச் சொன்னாலும் அப்படித்தான். சம்பந்தி கலேவெலயிலிருந்து போன் எடுத்தால் வணக்கத்துக்குப் பதிலாக அதைத்தான் சொல்வார். கோயில் ஐயர்கூட அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்கும்போது, "பேப்பருக்கு இல்ல, சும்மா கேக்குறேன்" என்கிறார்.

போன மாதம் ஒரு நாள் பகல், பாடசாலை இடைவேளை நேரத்தில் கௌசல்யா போன் எடுத்தாள். பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"அண்ணே, அம்மாவுக்கு இன்னும் சொல்லல. நேத்து பின்னேரம்தான் கிளினிக்குக்குப் போய் வந்தோம். நீ மாமாவாகப் போற."

பழக்கதோஷத்தில், "சரி, சரி, பேப்பருக்கு இல்ல" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"இல்ல அண்ணே. இது பேப்பருக்கு."

போனை வைத்துவிட்டு உடனே எழுதத் தொடங்கினேன். அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்தவர் எவ்வளவு நேரம் முன்னால் நின்றாரோ தெரியாது. "என்னண்ணே, ஏன் அழுவுறீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல" என்றேன். "பகிடி எழுதுறேன்."