மவுஸ் சாமிக்கு வந்த மவுசு

அச்சகத்து வாசலில் செருப்பு விட இடமில்லை. உள்ளே மவுஸ் சாமி வரப்போகிறார். கம்ப்யூட்டரில் புகுந்த ஆவிகளை ஓட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை என்று பேச்சு. பக்கத்துக் கடைக்காரர்கள் தங்கள் கிழட்டு மிஷின்களைக் கைக்குழந்தைபோல் இடுப்பில் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

கதை இதுதான். அந்த அச்சகத்துக் கம்ப்யூட்டரில் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தவர் நாற்காலியிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய பழைய மவுஸைத் தொட யாருக்கும் தைரியமில்லை. அப்படியே மேசை இழுப்பறைக்குள் தள்ளி மூடிவிட்டு, புது மவுஸ் ஒன்றைச் சொருகினார் முதலாளி. அன்றுமுதல் திரையில் அம்பு தானாகத் துள்ளியது. மூலைக்கு ஓடி ஒட்டிக்கொண்டது.

செத்தவர்தான் வந்து வேலை செய்கிறார் என்றார் சாமி. சம்பளம் கேட்காத ஆளை எதற்கு விரட்டுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாமி மேசையைக் கறுப்புத் துணியால் மூடி, உள்ளே தலையை விட்டு முணுமுணுப்பார். அம்பு சாதுவாகிவிடும். மறுநாள் மிஷினைப் போட்டால் பழைய ஆட்டம். மறுபடி சாமி, மறுபடி காணிக்கை. கடைசியில் பழி புதிதாக வந்த டைப்பிஸ்ட் பெண்ணின் தலையில் விடிந்தது. அவள் கை ராசியில்லையாம். ஒண்டியாகப் பிள்ளை வளர்ப்பவள் என்று தெரிந்தும், இந்த மாதத்தோடு நின்றுவிடச் சொன்னார் முதலாளி.

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சாமி மறுபடி வரவிருந்த அன்று காலையில் முதல் ஆளாக வந்து, மிஷினின் பின்னாலிருந்து ஒவ்வொரு வயராகத் தடவிக்கொண்டே போனாள். ஒன்று இழுப்பறைக்குள் முடிந்தது. அதைப் பிடுங்கினாள். பழைய மவுஸை இயக்கும் டிரைவர் புரோகிராமையும் அழித்தாள். அம்பு சொன்னபடி கேட்டது. ஒன்றும் தெரியாதவள்போல் டைப் அடிக்க உட்கார்ந்துகொண்டாள்.

சாமி வந்தார். திரையைப் பார்த்ததுமே உடம்பு நடுங்கியது.

"ஆவி உக்கிரமா இருக்கு. அம்பு மேலேயே உக்காந்திருக்கு."

துணி, புகை, முணுமுணுப்பு. வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்து, இப்போதுதான் போனது என்று அறிவித்தார். கூட்டம் கைகூப்பியது.

"அது காலையிலயே போயிடுச்சு சாமி," என்றாள் அவள். "இதான் அதோட வால்." கையில் பிடுங்கிய வயர்.

முதலாளி விழித்தார். அவள் வயரைச் சொருகி, மிஷினை அணைத்துப் போட்டாள். மிஷின் பழைய மவுஸைத் தானே கண்டுபிடித்து அதன் டிரைவரை ஏற்றிக்கொண்டது. அம்பு பேயாட்டம் ஆடியது. பிடுங்கினாள், அடங்கியது.

"ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவர் சார். ஆளுக்கொரு பக்கம் இழுத்தா வண்டி எங்க போகும்? துணிக்குள்ள இவர் இதைப் பிடுங்குவாரு. கிளம்பறப்போ திரும்பச் சொருகிட்டுப் போவாரு. மறுநாள் மிஷினைப் போட்டதும் அது திரும்ப ஏறிக்கும்."

எல்லோரும் சாமியைத் தேடினார்கள். துணி மட்டும் கிடந்தது. முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டே, அவளை அடுத்த மாதமும் வரச் சொன்னார்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் நகரவில்லை. தன் பிரிண்டரைக் கட்டிப்பிடித்தபடி, இதற்கு வேறு நல்ல சாமி யாராவது இருக்கிறாரா என்று மெதுவாக விசாரித்தார்.

மிஷினில் புகுந்த பேயை ஒரு நிமிடத்தில் பிடுங்கிவிடலாம். மண்டையில் புகுந்ததற்கு வயர் எங்கே என்று அவரவர்தான் தடவிப் பார்க்கவேண்டும்.