சத்தம் போடாத பேன்ட்

ஊரிலுள்ள பூட்டையெல்லாம் திறப்பவர், வீட்டில் மட்டும் வாய் திறக்கமாட்டார். அப்பேர்ப்பட்ட பூட்டுக்கடைக்காரர் அன்று வாசலிலேயே முழங்கினார்.

"ஞாயித்துக்கிழமை துப்பாக்கி சுடுற போட்டிக்கு நான்தான் போறேன்!"

புருஷன், பெண்டாட்டி இருவருமே ஊர்த் துப்பாக்கி கிளப்பில் உறுப்பினர்கள். ஆனால் போட்டிக்கு வீட்டுக்கு ஒருவர்தான். போன வருஷம் போனவர் அவர். தடித்த ஜீன்ஸ், உச்சி வெயில். வெயில்தான் அவரைச் சுட்டது. அவர் எதையும் சுடவில்லை.

அதனால் இம்முறை கடை கடையாக ஏறி இறங்கி ஒரு பேன்ட் வாங்கியிருந்தார். மண் நிறம். ஊதினால் பறக்கும். அதைப் போட்டுக்கொண்டு கூடத்தில் மாப்பிள்ளை நடை நடந்தார்.

"என்னங்க இது, உடம்பெல்லாம் பை?"

"ஒண்ணு தோட்டாவுக்கு. ஒண்ணு காதடைப்பானுக்கு."

"மீதி?"

"மீதி... மரியாதைக்கு!"

"முட்டி போட்டா பிடிக்காதா?"

"கவட்டுல தனித்துணி வச்சுத் தைச்சிருக்கான். எவ்வளவு நேரம் வேணா மண்டி போடலாம். நனைஞ்சா நொடியில காயும். சரசரன்னு சத்தம் வராது. பக்கத்துல நிக்கிறவனுக்கே நான் இருக்கிறது தெரியாதுடி!"

"வீட்டுலயும் அப்படித்தானே இருக்கீங்க."

அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை கிளம்பி நின்றார். கைக்குழந்தை வீறிட்டது.

"அடுப்பை அணைச்சுட்டு வரேன், கொஞ்சம் பிடிங்க. பேன்ட்டையும் சோதிச்ச மாதிரி ஆச்சு. மண்டி போட்டு, மூச்சை அடக்கி, குறி பார்க்கிற மாதிரி அசையாம இருங்க பார்ப்போம்!"

சவால் என்றால் விடுவாரா மனுஷன்? மண்டியிட்டார். பிள்ளையைத் தொடைமேல் சாய்த்தார். துணி துளிகூடச் சரசரக்கவில்லை. ராத்திரி முழுக்க அழுது தீர்த்த பிள்ளை, அவர் சட்டையைப் பிடித்தபடி கண்ணயர்ந்தது. அவருக்கு நெஞ்சு விம்மியது. "எப்படி?" என்று அடுப்படிப் பக்கம் பார்த்துப் புருவத்தாலேயே கேட்டார்.

மனைவி வந்தாள். பழைய பருத்திச் சுடிதார். காலில் ஷூ.

"பிரமாதம்ங்க! இப்படி அசையாத ஆளை நான் பார்த்ததே இல்ல" என்று கிசுகிசுத்தவள், அவர் பையிலிருந்து காதடைப்பானை உருவினாள். அந்த இடத்தில் பால்புட்டியைச் செருகினாள். இன்னொன்றில் கிலுகிலுப்பை. "மரியாதைப் பைக்கும் வேலை வந்துருச்சு பாருங்க."

"நீ எங்கடி கிளம்பிட்ட?"

"போட்டிக்கு. உஷ்! நீங்க எழுந்தா அவளும் எழுந்துருவா."

மத்தியானம் அவள் கோப்பையோடு வந்தபோது அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் அதே பிள்ளை.

"முதல் பரிசு நம்ம வீட்டுக்குத்தாங்க!"

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கோப்பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுக்காரருக்கும் தூக்கிக் காட்டினார். பிறகுதான் மெல்ல இழுத்தார்.

"எல்லாம் சரி... உன் மக பேன்ட்டை நனைச்சுட்டாளே."

"அதுக்கென்னங்க, நொடியில காயும்னீங்களே!"