முதுகுக்குப் பின்னாடி ஒரு காலி சீட்டு

என் சம்சாரத்தோட ஒரே தம்பியும், என்னோட பழைய தலைவலியுமான மச்சானுக்கு,

உன் அக்கா புருஷன் எழுதுறது. இங்க நான் நலம். உன் அக்கா என்னைவிட நலம். லிஃப்டுக்கு மட்டும் நேத்து கொஞ்சம் உடம்பு சரியில்லாம இருந்து, இன்னைக்கு எழுந்துடுச்சு. அங்க நீ, உன் மகன், மருமகள், உன் மீசை எல்லாரும் சௌக்கியமான்னு தெரியணும். மீசையைத் தனியா விசாரிக்கிறதுக்குக் காரணம் உனக்கே தெரியும். "இடிக்க வருவானுங்க, கட்ட வர மாட்டானுங்க, அப்படிக் கட்டிட்டா பாதி மீசையை எடுத்துடறேன்"னு பழைய பில்டிங் வாசல்ல நின்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லிட்டு, புது வீட்டுக்குப் பதிலா அவங்க குடுத்த பணத்தை வாங்கிக்கிட்டு மகன் வீட்டுக்குப் போனவன் நீ. கட்டிட்டாங்கப்பா. நாங்க குடிவந்து ஒரு மழைக்காலமே முடிஞ்சுபோச்சு. எந்தப் பாதின்னு நீயே முடிவு பண்ணிக்கோ, நான் அவசரப்படுத்தல.

நீ வராததும் ஒருவகையில நல்லதுதான். இங்க ஒரு சுகமும் இல்ல. தண்ணி நாள் பூரா வருது, குழாயடியில சண்டை போட ஆளில்லாம உன் அக்காவுக்குத் தொண்டையே துருப்பிடிச்சுப்போச்சு. சுவரெல்லாம் தடிதடியா வச்சுட்டாங்க. பழைய வீட்டுல பக்கத்துத் தையல்காரர் வீட்டுச் சண்டையைப் படுத்த இடத்துலயே கேட்டுக்கலாம், இப்ப காதை ஒட்டவச்சாலும் ஒண்ணும் வரல. அதனால உன் அக்கா சேதி சேகரிக்க, கீழ எல்லாருக்கும் பொதுவா வச்சிருக்கிற துணி துவைக்கிற ரூமுக்குப் போறா. கையில ஒரே ஒரு துண்டு. அவ்வளவு பெரிய மெஷின்ல அது மட்டும் தன்னந்தனியா சுத்துது, இவ பக்கத்துல உட்கார்ந்து எந்த வீட்டுல என்னன்னு கேட்டு முடிக்கிறதுக்குள்ள துண்டு இளைச்சுப்போய் வெளிய வருது. கதவெல்லாம் வேற ஒரே நிறம், ஒரே கைப்பிடி. வந்த புதுசுல நான் ஒரு மாடி முன்னாடியே இறங்கி, திறந்திருந்த கதவுல நுழைஞ்சு, சட்டையைக் கழட்டி நாற்காலியில போட்டுட்டு, கண்ணை மூடிக்கிட்டு டீ கேட்டேன். டீயும் வந்துச்சு. ஒரு வாய் குடிச்சுட்டு, கல்யாணம் ஆனதுலருந்து இன்னைக்குத்தான் நீ உருப்படியா டீ போட்டிருக்கன்னு பாராட்டிட்டுக் கண்ணைத் திறந்தா, கீழ கிளினிக்குல வேலை பாக்குற நர்சம்மா நிக்குது. "பெரியவரே, உங்க வீடு மேல"ன்னு சொல்லுச்சு. இது உன் அக்கா காதுக்கு எப்படிப் போச்சுன்னு கேக்காத, அதான் துணி துவைக்கிற ரூம் இருக்கே. அன்னைலருந்து எனக்கு டீயில சர்க்கரை கட். ஏன்டின்னா நர்சம்மா சொன்னாங்கங்கிறா. வாடகை மட்டும் சொன்ன மாதிரியே பென்ஷனுக்குள்ள அடங்குது. குறை சொல்ல வழியில்லாமப் பண்ணிட்டாங்க, அது பெரிய குறை. எதிர்வீடு இன்னும் பூட்டித்தான் கெடக்கு. உன் அக்கா தினமும் அந்த வாசலையும் சேர்த்துக் கூட்டுறா. ஏன்னு கேட்டா, கை தானாப் போகுதாம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இதெல்லாம் கட்டுறதுக்கு முன்னாடி, எங்களைத் தற்காலிகமா வச்சிருந்த கொட்டகைக்கு, புது பில்டிங்குக்கு பிளான் போடுற பொண்ணு ஒண்ணு வந்துச்சு. அட்டையில மொத்த இடத்தையும் குட்டியாச் செஞ்சு மேசையில வச்சு, ஆளுக்கொரு பொம்மையைக் குடுத்து, நீங்க எங்க இருக்க ஆசையோ அங்க வைங்கன்னுச்சு. தையல்காரர் வெளிச்சம் வர்ற மூலையில வச்சாரு. உன் அக்கா குழாய்க்கிட்ட வச்சா, பாவம். நான் இன்னொரு பொம்மையும் கேட்டு வாங்கி, வாசல் பெஞ்சுல ரெண்டையும் முதுகோட முதுகு சேர்த்து உட்காரவச்சேன். "என்னங்கய்யா, ரெண்டு பேருக்கும் சண்டையா?"ன்னு கேட்டுச்சு. "இல்லம்மா. நான் பஸ் டிரைவர், அவன் என் கண்டக்டர். அவன் குரல் எனக்கு எப்பவும் முதுகுப் பக்கமிருந்துதான் வந்துச்சு. மூஞ்சியைப் பார்த்துப் பேசினா எங்களுக்குப் பேச்சு வராது"ன்னேன். அது சிரிச்சுட்டு என்னமோ கிறுக்கிக்கிச்சு. நானும் விளையாட்டுன்னு விட்டுட்டேன். வந்து பார்த்தா, நிஜமாவே ரெண்டு பக்கமும் உட்கார்ற பெஞ்சு, நடுவுல ஒரே சாய்மானம். என் பக்கம் ரோடு. உன் பக்கம் கீழ இருக்கிற லைப்ரரிக்கும் கிளினிக்குக்கும் ஏறி இறங்குற சனம். நீ அங்க உட்கார்ந்தா, உள்ள போங்க உள்ள போங்கன்னு அதட்டிக்கிட்டே இருக்கலாம்.

அந்தப் பக்கத்துல நான் துண்டைப் போட்டு வச்சிருக்கேன். தெரியும், துண்டு போட்டு சீட்டு புடிக்கிறவனோட எல்லாம் மல்லுக்கு நின்னவன் நீ. உனக்காகவே ஒருத்தன் துண்டு போடுவான்னு நினைச்சியா? யாரு வந்தாலும் ஆள் வருதுங்கிறேன். தையல்காரர் வந்தாரு, ஆள் வருதுன்னேன். நர்சம்மா கால் வலிக்குதுன்னு வந்துச்சு, அதுக்கும் அதே பதில்தான். "எந்த ஊர்லருந்து வருது பெரியவரே, நடந்தா வருது?"ன்னு கேட்டுட்டுப் போச்சு. இப்ப பில்டிங் மேனேஜர் வந்து நிக்கிறாரு. அந்தப் பாதியில யாருமே உட்கார்றதில்லையாம், மாசக் கடைசியில அதை அறுத்தெடுத்துட்டு சைக்கிள் ஸ்டாண்டு போடப்போறாராம். நான் நியாயம் பேசிப் பார்த்தேன், நடக்கல. அதனால நீ ஒரே ஒரு நாள் வா. தங்க வேணாம், கெஞ்ச மாட்டேன். மேனேஜர் கண்ணுல படுற மாதிரி கொஞ்ச நேரம் உட்காரு, அடுத்த வண்டியிலயே திரும்பிப் போ. போன்ல கேட்டா நல்லா இருக்கேன் நல்லா இருக்கேங்கிற, அடுத்த மூச்சுல ஜன்னலுக்குக் கீழ போற பஸ்ஸுல எவன் படியில தொங்குறான்னு எனக்கு ஒப்பிக்கிற. நல்லா இருக்கிறவன் பேசுற பேச்சா இது? சரி, அது உன் பாடு.

உன் மகன் தொழில் பெருகட்டும், மருமகள் மனசு குளிரட்டும், உனக்கு முழங்கால் வலி விட்டுக்குடுக்கட்டும். எல்லாருக்கும் எங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
முன் சீட்டுல இருந்து,
உன் அக்கா புருஷன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுறதுக்குள்ள உன் அக்கா வாங்கிப் படிச்சுட்டா. "வரணும்னு ஆசையா இருந்தா வான்னு எழுத வேண்டியதுதானே, அதுக்கு எதுக்கு அந்த மனுஷன் கையில ரம்பத்தைக் குடுக்குறீங்க?"ன்னு கேட்டுட்டு, பக்கத்துலயே நிக்கிறா. அதனால உண்மையை எழுதுறேன். பெஞ்சு சிமெண்டுல ஊன்றின இரும்பு, அதை யாரும் அறுக்கப்போறதில்ல. மேனேஜர் பாவம், என்னைப் பார்த்தாலே டீ வாங்கித் தர்ற மனுஷன், அதுவும் சர்க்கரை போட்டு. சைக்கிள் ஸ்டாண்டு பின்பக்கம் முன்னாடியே இருக்கு. ஒரு நாள் வந்துட்டுப் போன்னதும் பொய். மாசக் கடைசி மட்டும் நிஜம். எதிர்வீடு வயசானவங்களுக்குன்னு ஒதுக்குன ஒத்தை ரூம், பணம் வாங்கிட்டுப் போனவங்களும் கேக்கலாமாம். உன் அக்கா பேசி மாசக் கடைசி வரைக்கும் நிறுத்தி வச்சிருக்கா, ஆனா நீ நேர்ல வந்தாத்தான் சாவி. அந்தக் கதவுக்குத் துண்டெல்லாம் செல்லாது. மீசை முழுசாவே இருக்கட்டும்னு அவ உத்தரவு. நான் தினமும் ரோட்டைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். பின்னாடியிருந்து நீ ரைட் சொல்லாம எனக்கு வண்டியை எடுத்துப் பழக்கமில்லடா.