புறா வேட்டைக்கு வெள்ளைச் சேட்டு

முதலில் என் எழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவன் நான். என் எழுத்துகள் காற்றடித்த வேலி போல ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். ல, ழ, ள மூன்றில் எது எங்கே வரும் என்பது இன்றைக்கும் என் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மகள் ஜெனி இதைக் கம்பியூட்டரில் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். எழுத்துப் பிழையைத் திருத்தலாம், கதையைத் திருத்தக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஏனென்றால் இந்தக் கதையைப் பலேர்மோவில் எனக்குத் தெரிந்த எல்லோரும் சொல்கிறார்கள், எல்லோரும் பிழையாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும்போது நான் மூலையில் இருந்து சிரித்துக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்பை நம்ப வேண்டாம். எனக்குக் கோபம். ஆறு வருடமாகக் கோபம்.

நான் கூச்சக்காரன். இத்தாலியனில் எனக்கு நன்றாக வருகிற ஒரே சொல் "ஸி". ஆமாம் என்று அர்த்தம். சந்தையில் நெத்தலி கேட்டு, கணவாயைக் கட்டித் தந்தாலும் "ஸி" என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். (வீட்டில் மனைவி ரீற்றா அதைச் சமைத்துக்கொண்டே என்னையும் சேர்த்து வறுப்பாள்.)

அப்போது நான் ஒரு பல் வைத்தியர் வீட்டில் வேலை செய்தேன். இப்போதும் அங்கேதான். எல்லோரும் அவரை டொட்டோரே என்பார்கள். அவருடைய வயதான தகப்பனைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, வீட்டையும் துடைத்து வைப்பது என் வேலை. காலை ஏழுக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வெளியே வருவேன். ஆனால் கொன்றாத்தோ என்கிற வேலைப் பத்திரத்தில் அரை நேரம் என்று இருந்தது. அதில் கையெழுத்து வைக்கும்போது "சரிதானே?" என்று கேட்டார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

ஜெனி அந்த நேரம் மன்னாரில், ரீற்றாவின் தமக்கை வீட்டில் இருந்தாள். நவம்பரில் அவளுக்குப் பதினெட்டு. பதினெட்டு முடிந்துவிட்டால் பிள்ளை என்று சொல்லி அவளை இங்கே கூப்பிட முடியாது. அதற்கு முன் மனுப் போட வேண்டும். மனுப் போட என் பத்திரத்தில் முழு நேரம் என்று இருக்க வேண்டும். அப்படி மாற்ற டொட்டோரே ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவர் போட வேண்டுமென்றால் நான் வாய் திறக்க வேண்டும். மார்ச்சில் இருந்து திறந்து பார்த்தேன். கொட்டாவிதான் வந்தது.

ஓகஸ்ட் கடைசியில் அவராகவே என்னைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை புறா வேட்டை தொடங்குகிறது, வழக்கமாக அப்பா கூட வருவார், இந்த முறை முடியாது, நீ வா, பழகு என்றார். லைசென்ஸ் இல்லாதவன் துவக்கைத் தொடக் கூடாது. முதல் நாள் கண்ணும் காதும் போதும். பிடித்திருந்தால் அடுத்த வருடம் பரீட்சை எழுதலாம் என்றும் சொன்னார். எனக்கும் புறாவுக்கும் எந்தப் பகையும் இல்லை. எனக்கும் பரீட்சைக்கும் எந்த உறவும் இல்லை. "ஸி" என்றேன்.

ரீற்றாவுக்குச் சந்தோஷம். "போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். காருக்குள்ளை அவரும் நீங்களும்தானே. அங்கை கேளுங்கோ" என்றாள்.

சனிக்கிழமை பின்னேரம் டொட்டோரே ஒரு கடதாசிப் பை தந்து, நாளைக்கு இதைப் போட்டுக்கொண்டு வா என்றார். போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டுக்கு வந்து ரீற்றாதான் பையைத் திறந்தாள். உள்ளே ஒரு ஜாக்கெட். பச்சையும் மண்ணிறமும் கறுப்பும் திட்டுத் திட்டாக. அவள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"என்னப்பா இது? ஆமிக்காரன்ரை உடுப்பெல்லே!"

"இஞ்சை கடையிலை விக்கிறதாம். வேட்டைக்காரர் எல்லாரும் போடுவினமாம்."

"விக்கட்டும். நீங்கள் இதைப் போட, அந்தாள் ஒரு படம் எடுத்து பேஸ்புக்கிலை விட, அதை ஆரும் கொண்டுபோய்க் காட்ட, நாளைக்கு அக்கா வீட்டு வாசலிலை வந்து நிப்பாங்கள். பிள்ளை அங்கையெல்லோ நிக்கிறாள்."

"என்னைப் படம் எடுத்துப் பாக்க நான் என்ன மந்திரியே?"

"அந்தத் துணிக்கு மந்திரியும் ஒண்டுதான், மீன்காரனும் ஒண்டுதான்."

அவள் சொன்னது பொய்யில்லை. எங்கள் ஊரில் ஒருவர் சைக்கிள் சீட்டுக்கு அந்த நிறத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார். மழைக்கு நல்லது என்று எங்கோ கிடந்ததை எடுத்தது. ஆமியைத் தவிர வேறு யாரும் அந்த நிறத்தை வைத்திருக்கக் கூடாது என்று சோதனைச் சாவடியில் சைக்கிளோடு மறித்தார்கள். மூன்று நாள் கழித்து நடந்து வந்தார். அதன்பிறகு அவர் சைக்கிளும் ஓடவில்லை, அதிகம் கதைக்கவும் இல்லை. இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவனுக்கு, கடையில் விலைச்சீட்டோடு தொங்கினாலும் அது வெறும் ஜாக்கெட் ஆகாது. ரீற்றா அதை இரண்டு கறுப்புப் பைகளில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் சூட்கேசுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். (பலேர்மோவில், எங்கள் சொந்த அறையில், கதவையும் பூட்டிக்கொண்டு!)

அப்படியானால் என்னத்தைப் போடுவது? பழுப்புச் சேட்டு இருந்தது. பச்சை இருந்தது. ஆனால் நான் போவது ஒரு பெரிய மனிதரிடம் காரியம் கேட்க. கசங்கிய சேட்டோடு போய்ப் பிள்ளையின் வாழ்க்கையைக் கேட்பதா? அந்தக் கிழமை சாந்தா ரொசாலியா கோயில் மலைக்கு ஏறுவதற்காக ஒரு வெள்ளைச் சேட்டு நீலம் போட்டுத் தோய்த்து வைத்திருந்தது. ரீற்றா அதற்கு இஸ்திரி போட்டாள். நான் சப்பாத்துக்கு மினுக்கம் போட்டேன். இரண்டு பேருக்கும் சேர்த்து மூளை ஒரு கரண்டி இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

விடிய நாலரைக்குக் கார் வந்தது. முன் சீட்டில் இருக்கக் கூச்சப்பட்டுப் பின்னால் நாயோடு ஏறினேன். நாயின் பெயர் லோலா. இருட்டில் டொட்டோரே திரும்பாமலே கேட்டார், "ஜாக்கெட் கொண்டு வந்தாயா?"

"ஸி."

"பைக்குள்ளா?"

"ஸி."

ஒரு மணித்தியாலமும் மனதுக்குள் என் வசனத்தைச் சொல்லிக்கொண்டு போனேன். "டொட்டோரே, தயவுசெய்து, என் மகளுக்காக." அவர் வானொலி கேட்டார். லோலா என் தோளில் நித்திரை கொண்டது. வசனம் முடியுமுன் இடம் வந்துவிட்டது.

கோதுமை வெட்டிய பெரிய வயல், ஓரத்தில் சப்பாத்திக் கள்ளி வேலி, அதோடு சேர்த்து வலை கட்டிய ஒரு மறைப்பு. அங்கே டொட்டோரேயின் கூட்டாளி துரி காத்திருந்தார். பல்லரோ சந்தையில் இறைச்சிக் கடை வைத்திருக்கிற ஆள். நான் காரில் இருந்து இறங்கவும் வெளிச்சம் வரவும் சரியாக இருந்தது. அவர்கள் பேசியதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"அட, மாப்பிள்ளை வந்திட்டார்! பொம்பிளை எங்கை?" என்றார் துரி.

டொட்டோரே திரும்பிப் பார்த்தார். மேலிருந்து கீழே, சப்பாத்து வரைக்கும். பிறகு என் பையைப் பறித்து உள்ளே கைவிட்டார். ரீற்றா கட்டித் தந்த மீன் ரோல்ஸ் எட்டு வெளியே வந்தது.

"ஜாக்கெட் எங்கை?"

நான் "ஸி" என்றேன். (ஜெனி, இதை வெட்டாதே. நான் அப்படித்தான் சொன்னேன்.)

லோலாவுக்குக்கூட அந்தத் திட்டு நிறத்தில் ஒரு சட்டை போட்டிருந்தார்கள். அந்த வயலில் அன்றைக்கு ஒழுங்காக உடுத்தாத ஆள் நான் ஒருவன்தான்.

டொட்டோரே பல்லைக் கடித்துக்கொண்டு பாடம் தொடங்கினார். அண்ணாந்து பார்க்காதே, முகம் வெளிச்சத்தில் மின்னும். அசையாதே. புறா விழுந்தால் விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நேரே நட. சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாக் கோதுகள் ஒன்றையும் நிலத்தில் விடாமல் பொறுக்கு. ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன்.

முதல் கூட்டம் மலைப் பக்கமிருந்து வந்தது. பத்துப் பன்னிரண்டு புறா. நேராக வந்து, எங்களைக் கண்டதும் யாரோ கயிற்றால் இழுத்தது போல மேலே எழும்பித் திரும்பிவிட்டன. இரண்டாவது கூட்டமும் அப்படித்தான். மூன்றாவது எங்கள் பக்கமே வரவில்லை. போனவை சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

துவக்குச் சத்தம் கேட்டு நான் நிலத்தில் விழுந்து படுத்ததாகக் கோயிலில் ஒரு கதை உலாவுகிறது. பொய். படுக்க ஒரு வெடி வேண்டாமா? என் சேட்டைத் தாண்டி ஒரு புறா வந்தால்தானே வெடி!

"உன்ரை மாப்பிள்ளையாலைதான்" என்று துரி உறுமினார். டொட்டோரே காருக்குப் போய் ஒரு போர்வை கொண்டு வந்து என் தலையோடு மூடினார். அது லோலாவின் போர்வை. வெயில் ஏறியது. உள்ளே நாய் மயிரும் நாய் மணமும். கூட்டம் ஒன்று கிட்ட வரும் நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. சின்னத் தும்மல் இல்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சின்னத் தும்மல் கிடையாது. புறாக்கள் சிதறின. அடுத்த கூட்டத்துக்கும் தும்மினேன்.

போர்வையை உருவி எடுத்துவிட்டு டொட்டோரே சொன்னார், "சேட்டைக் கழட்டு."

துரி சிரித்தார். "ஓம், கழட்டச் சொல்லு. உள்ளுக்கை நல்ல நிறமாத்தான் இருப்பான். ஒரு புறாவுக்கும் தெரியாது."

டொட்டோரேயும் சிரித்தார். அதிகமில்லை, கொஞ்சம். நான் அதைப் பார்த்தேன்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் வெட்கமான இடம் இதுதான்; இதை யாரும் சொல்வதில்லை, அவர்களுக்குத் தெரியாது. என் விரல் சேட்டின் பொத்தான்களைக் கழட்டத் தொடங்கியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. சொன்னவுடன் செய்கிற விரல். வருடக்கணக்காக "ஸி" சொன்ன அதே விரல். மூன்றாவது பொத்தானில் எனக்கு அந்த விரலைப் பார்க்க வந்த கோபம், துரியில் வந்த கோபத்தை விடப் பெரிது.

நான் எழும்பி மறைப்பை விட்டு வயலின் நடுவுக்கு நடந்தேன். அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து அன்றைய நாளின் பெரிய கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பதுக்குக் குறையாது. பின்னால் இரண்டு பேரும் "இரு! கீழே இரு!" என்று கத்துகிறார்கள். நான் திரும்பி நின்று கத்தினேன். மார்ச்சில் இருந்து பாடமாக்கிய அழகான வசனத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. "கொன்றாத்தோ! முழு நேரம்! நான் முழு நேரம் வேலை! மகள்! நவம்பர்! பதினெட்டு! பிறகு இல்லை! முடிஞ்சுது!" இத்தாலியன் தீர்ந்ததும் மிச்சத்தைத் தமிழில் கத்தினேன். தமிழில் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. பாதிரியாருக்கு மட்டும் சொன்னேன்.

நாற்பது புறாவும் ஒன்றாகத் திரும்பிப் போயின.

"இதை இஞ்சையா சொல்லுறது?" என்றார் டொட்டோரே. பிறகு, "காருக்குள்ளை போய் இரு."

வேலை போய்விட்டது, ஜெனியும் போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். காரில் இருந்து கோபத்தில் ரோல்ஸ் எட்டையும் சாப்பிட்டேன். அழுதேன் என்று ஜெனி சொல்வாள். அழவில்லை. ரோல்ஸில் மிளகாய் அதிகம். தூரத்தில் இரண்டு வெடிச் சத்தம் கேட்டது. பத்து மணிக்கு டொட்டோரே ஒரேயொரு புறாவோடு வந்து காரை எடுத்தார். பலேர்மோ வரைக்கும் வானொலிதான் பேசியது. எங்கள் தெரு முனையில் நிறுத்தியதும் கேட்டார்.

"நவம்பர் எத்தனையாம் தேதி?"

சொன்னேன்.

"நாளைக்குக் கணக்காளரிட்டைப் போவம்."

போனோம். முழு நேரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. ஜாக்கெட்டை ரீற்றா யன்னலைச் சாத்திவிட்டு இஸ்திரி போட்டுத் தந்தாள், கொண்டுபோய்க் கொடுத்தேன். பதினெட்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மனுப் போட்டோம். இடையில் கொரோனா வந்து இழுத்து, ஒன்றரை வருடம் கழித்து ஜெனி வந்து சேர்ந்தாள். இப்போது மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தில் வேலை செய்கிறாள். அவள் பேசும் இத்தாலியனைக் கேட்டால் சிசிலிக்காரரே வழிவிடுவார்கள்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு நத்தாருக்கும் டொட்டோரே வீட்டில் இதைச் சொல்வார்கள்: எங்கள் மாப்பிள்ளை வெள்ளைச் சேட்டோடு வேட்டைக்கு வந்தது, நாற்பது புறாவைத் துரத்தியது, இருந்தாலும் டொட்டோரே பெரிய மனதோடு உதவியது. எனக்கு அந்தப் பெரிய மனதைக் கேட்கும்போதெல்லாம் பற்றி எரியும். முழு நேரம் செய்த வேலையை முழு நேரம் என்று எழுதியது பெரிய மனதா?

போன பாஸ்காவுக்கு, அதுதான் ஈஸ்டருக்கு, டொட்டோரேயும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். சாப்பாட்டு மேசையில் அவர் மறுபடி அதைத் தொடங்கினார். நான் வழக்கம்போலச் சிரிக்க ஆயத்தமானேன். ஜெனி கோழிக்கறிச் சட்டியை மேசையில் வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள். எங்கள் ஊரில் அந்தத் துணியைப் போட்டிருந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள். அதனால்தான் அப்பா போடவில்லை. அவ்வளவுதான். இரண்டு வசனம். ஆறு வருடம் எனக்கு வராத இரண்டு வசனம்.

டொட்டோரே முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, உண்மையாகவே கவலையோடு, "மா பொத்தேவி தீர்மெலோ" என்றார்.

என்னிடம் சொல்லியிருக்கலாமே.

சொல்லியிருக்கலாமாம்! எப்போது? விடிய நாலரைக்கா? நாய்ப் போர்வைக்குள் இருந்தா? வாயைத் திறக்கப் போனேன். ரீற்றா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். அதைவிட மோசம், நித்திரை வராமல் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. சொல்லியிருக்கலாம். அதுதான் இன்னும் கோபம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது ஒன்றுதான் பேச்சு. சோறு அடிப்பிடித்தால், ஜெனி ரீற்றாவிடம் "மா பொத்தேவி தீர்மெலோ" என்பாள். ரெலிபோனில் காசு முடிந்து பேச்சு அறுந்தால், மன்னாரில் இருக்கிற பெரியம்மாகூடத் திரும்ப எடுத்தவுடன் அதையே சொல்கிறார், இத்தாலியனில். நான் உப்பு அதிகம் என்று வாய் திறப்பதற்குள் எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள்.

சரி, சொல்லிவிட்டேன். பதினொரு பக்கம் சொல்லியிருக்கிறேன். ஜெனி இதை இத்தாலியனிலும் எழுதித் தருவாளாம். நானே என் கையால் டொட்டோரேயிடம் கொடுப்பேன். அவர் வாசித்துவிட்டு ஏதாவது கேட்டால், இந்த முறை "ஸி" சொல்வதாக இல்லை.

எழுதி முடித்தது: ஒக்டோபர் 9, 2025, வியாழக்கிழமை பின்னேரம்.