அம்மன் கல்லுக்குச் சமமான பிள்ளை

பொன்னொளி நாட்டில் மஞ்சளைத் தவிர வேறு நிறத்துக்கு மரியாதை கிடையாது. அரசருக்குப் பிடித்த நிறம் என்பதால் கோட்டை, கொடி, குதிரை லாயம் எல்லாமே மஞ்சள். சாயம் காய்ச்சும் கொட்டடியின் கழிவு அரச வாய்க்காலில் இறங்கியது. அந்தச் சாயத்தில் காட்மியம் என்றொரு நச்சு உலோகம் உண்டு. அது நீரோடு வயலுக்குப் போய், நெல்லில் ஏறி, சோற்றில் உட்கார்ந்துகொண்டது. சோறு மட்டும் வழக்கம்போல் வெள்ளையாகவே இருந்தது.

அந்நாட்டு அம்மன் கோயிலில் பிள்ளைத் தராசு பிடிப்பவள் வடிவாம்பாள். பிறந்த பதினோராம் நாள் பிள்ளையை ஒரு தட்டில் கிடத்தி, மறுதட்டில் அம்மன் கல்லை வைப்பார்கள். சமமாக நின்றால் மணி அடிப்பாள். சாயம் காய்ச்சத் தொடங்கி ஏழு வருடம் ஆகியிருந்தது. மணி அடிப்பது அரிதாகிவிட்டது. பிள்ளைகள் பூனைக்குட்டி போல வந்தன. பல கருக்கள் ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை. அவள் மருமகள் பூங்காவனத்துக்கே இரண்டு முறை தங்கவில்லை. இன்னொரு இழப்பைத் தன்னால் தாங்க முடியாது என்று அவள் சொன்னதிலிருந்து வடிவாம்பாளுக்கு உறக்கமில்லை.

பிறப்புத்துறை அமைச்சர் நேரில் வந்து ஆராய்ந்தார். தராசை இரண்டு முறை சுற்றி நடந்தார்.

“குறை கல்லில்தான் இருக்கிறது,” என்றார். “இவ்வளவு கனம் மக்களின் தன்னம்பிக்கையைக் குலைக்கும்.”

கல்லில் கால் பங்கை உடைத்தார்கள். சில மாதம் மணி ஒலித்தது. பிறகு பிள்ளைகள் அந்தக் கல்லுக்கும் குறைந்தன. மறுபடி உடைத்தார்கள். அடுத்து, கருவுற்ற பெண்களுக்கு அரச வயலின் அரிசி இலவசம், மூன்று வேளையும் அதையே உண்ண வேண்டும் என்று ஆணை வந்தது. பிள்ளைகள் இன்னும் சிறுத்தன, அரிசியை இருமடங்காக்கினார்கள். சிறிய பிள்ளைக்குச் சிறிய துணி போதும் என்பதால் நாடு சிக்கனத்தில் முதலிடம் பிடித்துவிட்டதாகவும் பறையறைந்தார்கள்.

மேட்டுப்பட்டிக்கு மட்டும் அந்த அரிசி இல்லை. சாயக் கொட்டடி வருவதற்குச் சற்று முன்பு, ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அவ்வூரார் அரசருக்குக் கை தூக்கவில்லை. அதற்குத் தண்டனையாக அன்றே வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். மழைக்கு நிறையும் ஏரியை நம்பி விளைவித்ததைத் தின்றார்கள்.

ஒருநாள் அவ்வூர்க்காரி காத்தாயி தன் மகனைத் தராசில் கிடத்தினாள். தட்டு தரையில் இடித்தது. உடைத்துப் போட்ட கல் துண்டுகளையெல்லாம் பொறுக்கி வைத்த பிறகுதான் சமமானது. வடிவாம்பாள் அம்மன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்து யோசித்தாள். மறுநாள் மேடேறிப் போய், காத்தாயியிடம் அரிசி கேட்டாள். கேட்கும்போதே கூசியது.

“உங்க தண்ணிய அடைச்சவருக்குக் கை தூக்கினதுல நானும் ஒருத்தி, தாயி.”

“அதுக்கு இனிமே வரப்போற பிள்ளை என்னக்கா பண்ணும்? மடியப் புடி.”

இரண்டு வருடம் மாதந்தோறும் அரிசி இறங்கியது. மருமகள் கருவுற்றதும் வீட்டுக்கு வந்த அரச அரிசியில் வடிவாம்பாள் பசை காய்ச்சி, அரசரின் அறிவிப்புகளையே சுவரில் ஒட்டினாள். யாரும் குறை சொல்ல முடியவில்லை.

பூங்காவனத்துக்கு ஐந்தாம் மாதம் கடந்தது. ஒன்பதும் கடந்தது. பெண் பிறந்தது. முழுக் கல்லுக்கும் சமமாகத் தட்டு நின்றபோது, வடிவாம்பாளுக்குக் கண்ணீர் மறைத்து மணிக்கயிறு தெரியவில்லை. மருமகளே எட்டி மணியை அடித்தாள்.

இலவச அரிசியின் வெற்றி என்று அமைச்சர் மஞ்சள் மாலை அனுப்பினார். வடிவாம்பாள் அதை வாங்கிக்கொண்டாள். கோயிலுக்கு வந்த பெண்களின் காதில் மட்டும் ஒவ்வொருவராக உண்மையைச் சொன்னாள்.

அடுத்த அறுவடைக்குப் பதினொரு கர்ப்பிணிகளை அழைத்துக்கொண்டு மேடேறினாள். காத்தாயியின் களத்தில் மூடுவண்டி ஒன்று நின்றது. வண்டிக்காரர் இடுப்பில் அரண்மனை முத்திரை இருந்தது. யாரென்று கேட்டாள்.

“அரண்மனைச் சமையக்காரர்க்கா. சாயக் கொட்டடி வச்ச வருசத்துலேர்ந்து ராசா வீட்டுக்கு எங்க அரிசிதான் போகுது. அமைச்சர் வீட்டுக்கும் இதுலதான். உங்களுக்குத் தெரியாதா?”

சமையல்காரர் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வழக்கம்போல் சாக்கை நீட்டினார்.

“செத்த நில்லுங்கண்ணே,” என்றாள் காத்தாயி. “புள்ளத்தாச்சிங்க மொதல்ல.”

அவர் சாக்கை மடித்துக் கீழே வைத்தார். பதினொரு பேரும் வாங்கி முடிக்கும்வரை காத்திருந்தார். பின்பு யாரும் கேளாமலே அவர்களுடைய மூட்டைகளை வண்டியில் அடுக்கி, அவர்களையும் ஏறச் சொல்லி, வீடு வீடாக இறக்கிவிட்டு வந்தார்.

அன்று அரண்மனையில் சோறு தாமதமாகத்தான் வெந்தது.