கரண்டு காரும் கொல்லிமலைப் பந்தயமும்

அந்தக் கரண்டு காரை இன்றைக்கு எப்படியும் தீர்த்துக் கட்டிவிடுவது என்று செங்கோடன் முடிவெடுத்தபோது காலை மணி ஐந்தரை. இன்னும் பல் விளக்கவில்லை. கோபம் மட்டும் அவருக்கு முன்னாலேயே எழுந்து தயாராக நின்றது.

கார் வந்து இருபது நாள் ஆகிறது. அவரைக் கேட்டா வாங்கினார்கள்? முப்பது வருஷம் லாரி ஓட்டிய மனுஷன். கவுகாத்திக்குப் பத்துச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய் வந்தவர். எருமப்பட்டி ரோட்டில் போகிற வண்டியின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அவர் வீட்டு வாசலுக்கு ஒரு கார் வருகிறது, வந்து நின்ற பிறகுதான் அவருக்கே தெரிகிறது! அதுவும் சத்தமே இல்லாமல். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தால் முட்டிக்கு முன்னால் வெள்ளையாய் ஒன்று நிற்கிறது. திருட்டுப் பூனைகூட ஒரு தட்டையாவது உருட்டிவிட்டுத்தான் உள்ளே வரும்.

"ஏம்புள்ள, என்னது இது?"

"காருங்க."

"காருன்னு தெரியுது. எதுல ஓடும்?"

"கரண்டுலீங்க."

"கரண்டுல மிக்சி ஓடும், கிரைண்டர் ஓடும். காரு ஓடுமா?"

"அத்தாப்பெரிய கல்லையே சுத்துதுங்க. காரு சக்கரத்தச் சுத்தாதுங்களா?"

அவர் மனைவி தெய்வநாயகி சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிறவள் இல்லை. செங்கோடனுக்கு ஆத்திரமே அதுதான். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். இவளோ வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டு, மரியாதையாகவே கழுத்தை அறுப்பாள்.

லாரிகளை விற்றாயிற்று. எட்டாயிரம் கோழி இருக்கிற பண்ணை அவள் பேரில். கேட்டுச் சாவி, பீரோ சாவி, தீவன ரூம் சாவி எல்லாம் அவள் இடுப்பில். அவர் இடுப்பில் தொங்குவது ஒரே ஒரு சாவி. இருபத்தெட்டு வருஷத்து டீசல் ஜீப்பின் சாவி. காலையில் அதை ஸ்டார்ட் பண்ணினால் ரெண்டு தெரு காக்காய் பறக்கும். அந்த ஜீப்பில் ஏறினால்தான் அவர் செங்கோடன். இறங்கிவிட்டால் தெய்வநாயகி வீட்டுக்காரர்.

அதன் தலையில்தான் இப்போது இடி விழுந்திருந்தது.

"ஒரு செட்டுல ரெண்டு வண்டி எதுக்குங்க? ஜீப்ப இரும்புக்காரனுக்குப் போட்டறலாம்."

எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றின மாதிரி ஆகிவிட்டது. இருபது நாளாக வீட்டில் இதே சண்டை.

"வழியில சார்ஜு தீந்து போச்சுன்னா? கேன்ல புடிச்சுட்டு வந்து ஊத்துவியா?"

"பைபாஸ்ல சார்ஜு போடற எடம் இருக்குதுங்களே."

"இருந்துச்சே! போன வாரம் பாத்தனே! மூணு மிசினு. ஒண்ணுல ஒயரையே காணோம். இன்னொண்ணு ஓடிபி ஓடிபின்னு உசுர வாங்குது, ஓடிபி வரவே இல்ல. மூணாவதுல எவனோ ஒருத்தன் காரைச் சொருகி உட்டுப்போட்டு பிரியாணி திங்கப் போயிட்டான். ஒண்ணரை மணி நேரம் நடு வெயில்ல காஞ்சம் புள்ள!"

"அது வாஸ்தவந்தானுங்க."

"பேட்டரி செத்துப் போனா? பாதிக் காரு வெலை!"

"எட்டு வருசம் வாரண்டிங்க."

"ஒம்பதாவது வருசம்?"

"ஒம்பதாவது வருசம் நாம இருக்கோணுமில்லீங்க, மொதல்ல." கோழித் தீவனத்தைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "உங்க ஜீப்பு டீசலக் குடிக்குது. இது நம்ம கோழி செட்டுக் கூரை மேல அடிக்கற வெயிலக் குடிக்குதுங்க. சோலாரு அங்க சும்மாத்தான காயுது? நம்மூர்ல வெயிலுக்கா பஞ்சம்?"

நாமக்கல் வெயிலைப் பற்றி யாரால் எதிர்த்துப் பேச முடியும்? செங்கோடன் பல்லைக் கடித்தார்.

அவளுக்கு ஓட்டவும் தெரியாது. பக்கத்து வீட்டு ஜோதி டீச்சர்தான் வந்து காரை எடுப்பாள். இவள் பக்கத்தில் மகாராணி மாதிரி ஏறி உட்காருவாள். கேட்டைத் தாண்டிப் போகும். செங்கோடன் வயிறு எரியும். அந்த ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்று சபதம் போட்டிருந்தார். அந்தச் சபதத்தை உடைத்தது ஒரே ஒரு கேள்வி.

"எம்பட ஜீப்பு கொல்லிமலை ஏறும். உம்பட காரு ஏறுமா?"

"ஏறுமுங்க."

"எழுவது வளைவு!"

"எழுவதுதானுங்க? நாயித்துக்கெழம அறப்பளீஸ்வரர் கோயலுக்குப் போயிட்டு வரலாம். நீங்களே ஓட்டுங்க. வழியில எங்கயும் சார்ஜு போட வேண்டாம். காரு ஊடு வந்து சேந்துட்டா ஜீப்பக் குடுத்தறோணும். வந்து சேருலீனா காரை நானே திருப்பிக் குடுத்தர்றனுங்க."

"பேச்சு மாறக் கூடாது!"

"நான் எப்பங்க மாறுனேன்?"

இதோ, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரை மணி இருட்டு. வண்டி செட்டில் பல்பு இல்லை. செங்கோடன் ஜீப்பின் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டார். அந்த வெளிச்சத்தில், காருக்குள் சொருகியிருந்த சார்ஜர் ஒயரை வெடுக்கென்று பிடுங்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். அறுபத்தாறு என்று காட்டியது. நூறு ஆவதற்கு முன்னாலேயே கழுத்தை நெரித்தாயிற்று! தெய்வநாயகி எழுந்து வருகிற சத்தம் கேட்டதும் நல்ல பிள்ளையாய்ப் பல் விளக்கப் போய்விட்டார்.

அடுத்தது லோடு. ஓவர்லோடு போட்டால் எப்பேர்ப்பட்ட வண்டிக்கும் நாக்குத் தள்ளிவிடும். லாரிக்காரருக்கு இதை எவனும் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டு மூட்டை அரிசியைக் கொண்டுவந்து பின்னால் அடுக்கினார்.

"என்னங்க இது?"

"கோயல் அன்னதானத்துக்கு. வேண்டுதல் புள்ள."

சாமி கும்பிடக் கையெடுக்காத மனுஷனுக்குத் திடீரென்று வேண்டுதல். தெய்வநாயகி ஒரு நிமிஷம் மூட்டைகளைப் பார்த்தாள். "நல்ல காரியமுங்க. புண்ணியம்" என்றாள்.

புறப்பட்டார்கள். லாரி ஓட்டின காலத்துப் பழக்கம், செருப்பைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு வெறுங்காலால்தான் ஓட்டுவார். இதிலோ காலுக்கு வேலையே இல்லை. கிளச்சு இல்லை. கியர் இல்லை. இடது கால் அனாதையாய்க் கிடந்தது. அதற்கும் ஒரு கோபம் வந்தது. ஏசியை முழுசாகத் திருகினார். அதுவும் கொஞ்சம் குடிக்கட்டுமே.

"குளுருதுங்க."

"முந்தானையப் போத்திக்க."

சேந்தமங்கலம் தாண்டி, மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு வந்தபோது ஐம்பத்தாறு. வளைவு ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவுக்கும் செங்கோடன் வேண்டுமென்றே ஏறி மிதித்தார். கார் ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. பாழாய்ப்போனது கொஞ்சமாவது திணறினால் என்ன? ஆனால் எண் இறங்கியது. ஐம்பது. நாற்பது. மலைமேல் சோளக்காட்டு ஊருக்கு வந்தபோது இருபத்தெட்டு! செங்கோடனுக்கு வாயெல்லாம் பல். பாட்டு வேறு பாடினார்.

அதற்கும் அப்பால் தள்ளியிருந்த கோயிலில் அரிசியை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். வண்டி காலியாக இறங்கினால் பாரம் குறைந்து பிழைத்துவிடுமே! சோளக்காட்டுச் சந்தையில் நிறுத்தினார். பலாப்பழம், அன்னாசி, வாழைத்தார் என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஏற்றினார். பலாப்பழம் மட்டும் பன்னிரண்டு.

"இத்தன பழத்தை யாருங்க திங்கறது?"

"ஊருக்குக் குடுப்போம் புள்ள. மனசு பெருசா இருக்கோணும்."

"ஏத்துங்க, ஏத்துங்க" என்றாள். வாழைத்தாரைத் தூக்க ஒரு கை வேறு பிடித்தாள்.

கீழே இறங்கத் திருப்பியபோது எண் பன்னிரண்டு. செங்கோடன் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஏறும்போது இருபத்தெட்டைக் குடித்த வண்டி, இறங்கும்போது பாதியாவது குடிக்காதா? இறக்கத்தில் லாரிகூட டீசலைக் குறைவாகத்தான் குடிக்கும், ஆனால் சுத்தமாய்க் குடிக்காமல் வந்த வண்டியை முப்பது வருஷத்தில் அவர் பார்த்ததில்லை. நடுமலையில் நிற்கப் போகிறது, சத்தியம்!

பத்து வளைவு இறங்கினார். பதின்மூன்று.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பதின்மூன்றுதான். இன்னும் பத்து வளைவு. பதினான்கு.

"ஏம்புள்ள! இதென்ன கெரகம், ஏறுது?"

"எறங்கறப்ப சக்கரம் சுத்தறதுலயே கரண்டு எடுத்துக்குமாமுங்க. கால எடுத்தாப் போதுமாமா."

"யாரு சொன்னது?"

"ஜோதி சொல்லுச்சுங்க. பாரம் ஜாஸ்தியா இருந்தா இன்னும் ஜாஸ்தியா ஏறுமாமுங்க."

செங்கோடன் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு பலாப்பழம். அவரே தோளில் சுமந்து வந்து, மூச்சு வாங்க ஏற்றிய பலாப்பழம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அத்தனையையும் தூக்கிப் பள்ளத்தில் வீசலாமா என்று வந்தது. ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். ஹாரன் அடித்தது. எதிரே வந்த பஸ்காரன் பயந்துபோய் ஒதுங்கி வழிவிட்டான். காரவள்ளிக்கு வந்து சேர்ந்தபோது பத்தொன்பது.

சமதளத்திலும் விடாமல் ஏறி மிதித்தார். உள்ளே கொதித்தது. தோற்றுவிட்டால் நாளைக் காலை இரும்புக்காரன் வந்துவிடுவான். ஜீப்பைக் கட்டரில் வெட்டுவான். இடுப்பில் சாவி இருக்காது. வேட்டிதான் இருக்கும். சமத்தாய்ப் போய்க் கோழிக்குத் தண்ணீர் காட்ட வேண்டியதுதான். விடுவாரா செங்கோடன்? வீட்டுக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது ஓரங்கட்டி நிறுத்தினார். பட்டனை அமுக்கி அணைத்தார்.

"செத்துருச்சு!"

"பத்து இருக்குதுங்களே?"

"பத்துன்னு காட்டும். உள்ள ஒண்ணும் இருக்காது! கரண்டு வண்டி பூராப் பொய்யி! நான் அப்பவே சொன்னன்ல?"

செருப்பைக்கூட மாட்டாமல் கீழே குதித்தார். சாவி உள்ளேயே கிடந்தது. டவர் தேடி முப்பது அடி தள்ளி ஒரு வேப்பமரத்தடிக்குப் போய், மெக்கானிக் கதிர்வேலுக்குப் போன் போட்டார். முறைக்கு மாப்பிள்ளை. வீட்டுக்குப் பக்கத்திலேயே பட்டறை.

"மாப்ள, ஊட்டுக்குப் போயி ஜீப்ப எடுத்துட்டு வாடா. மாத்துச் சாவி உங்கிட்டத்தான இருக்குது? கயிறும் எடுத்துக்க. இந்தக் கரண்டு சனியனக் கட்டி இழுத்துட்டு எருமப்பட்டிக் கடைவீதி வழியா மெதுவாப் போவோணும். ஊரே பாக்கோணும்!"

கதிர்வேல் பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டான்.

"மாமா, ஜீப்பு ஸ்டார்ட் ஆவுலீங்க."

"ஹீட்டரப் போட்டு இஞ்சினச் சூடு பண்ணி அடிடா!"

"சுத்தவே மாட்டீங்குதுங்க. காலைல இருந்து ஹெட்லைட்டு எரிஞ்சுட்டே இருந்துருக்குதுங்க. பேட்டரி டவுனு."

"என்னது?"

"பேட்டரிங்க மாமா. உங்க ஜீப்புல பேட்டரி செத்துப் போச்சுங்க."

"பேட்டரியா! எம்பட ஜீப்பு டீசல் வண்டிடா! அதுல எதுக்குடா பேட்டரி சாவுது? தள்ளு! நாலு பேரக் கூப்புட்டுத் தள்ளு! நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கு!" வேப்பமரத்துக் காக்காய் பறக்கக் கத்தினார். கத்தி முடித்து, மூச்சு வாங்கத் திரும்பினார்.

ரோடு காலியாக இருந்தது.

கார் இல்லை. தெய்வநாயகி இல்லை. பலாப்பழ வாசம் மட்டும் கொஞ்சம் இருந்தது. ஒரு சத்தம், ஒரு உறுமல், ஒரு புகை எதுவுமே இல்லாமல் போயிருக்கிறது. டீசல் வண்டியாய் இருந்தால் ஓடிப் பிடித்திருப்பார்.

ஆடி மாசத்து மூன்று மணி வெயில். தார் ரோடு. வெறுங்கால். நாலு கிலோமீட்டர். ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு வசவு. கரண்டைத் திட்டினார், கதிர்வேலைத் திட்டினார், பேட்டரியைக் கண்டுபிடித்தவனின் ஏழு தலைமுறையைத் திட்டினார். வழியில் பைக்கில் போன ரெண்டு பேர் ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டார்கள். அவர்களையும் திட்டினார்.

வீட்டுக்கு வந்தால், கார் செட்டில் ஒயரைச் சொருகிக்கொண்டு ஜம்மென்று நிற்கிறது. தெய்வநாயகி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தாள்.

"உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதா புள்ள? கட்டுன புருசன நடுரோட்டுல உட்டுப்போட்டு வந்திருக்கற!"

"நீங்கதானுங்க செத்துருச்சுன்னீங்க. எதுக்கும் ஒருக்காப் பாக்கலாம்னு பட்டன அமுக்குனேன். ஓடிருச்சுங்க."

"உனக்கு எப்புடி ஓட்டத் தெரியும்?"

"லைசென்சு மாசியிலயே எடுத்துட்டனுங்க. கேட்டுத் தாண்டுற வரைக்குந்தான் ஜோதி. அதுக்கப்புறம் நானு."

செங்கோடன் தொப்பென்று கீழே உட்கார்ந்தார். அவள் ஒரு சுளையை உரித்துக் கொட்டையை எடுத்தாள்.

"காலைல அறுவத்தாறுல ஒயரப் புடுங்குனீங்களே, அப்பவே எம்பட போன்ல மணி அடிச்சுருச்சுங்க."

"தெரிஞ்சுட்டே பேசாம வந்தியா?"

"போன வாரம் நாமக்கல்லுக்குப் போறம்னு சொல்லிட்டு நானும் ஜோதியும் மலைக்குத்தானுங்க போனோம். சோளக்காடு வரைக்கும். ஐம்பத்தஞ்சுல கெளம்பி, அந்தச் சார்ஜுலயே ஊடு வந்து சேந்தோம்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அந்த மட்டான புத்தியிலும் செங்கோடனுக்குக் கடைசியாக ஒரு ஓட்டை தெரிந்தது. துள்ளி எழுந்தார்.

"செல்லாது! இந்தப் பந்தயம் செல்லாது! நான் வண்டியிலயே இல்ல! நான் இல்லாம வந்து சேந்ததெல்லாம் சேத்தியில்ல!"

தெய்வநாயகி சுளையை அவர் கையில் வைத்தாள். அதே கையோடு ஜீப்புச் சாவிக்காக உள்ளங்கையை நீட்டினாள்.

"பந்தயம் காரு ஊடு வந்து சேரோணும்னுதானுங்க. நீங்க வந்து சேரோணும்னு யாருங்க கட்டுனா?"